மாத்திரை, ரத்தப்போக்கு, நீர்க்கட்டி: கம்பம், குமுளி பக்கத்துப் பெண்கள் கேட்ட கேள்விகள்

தமிழ்நாட்டுக் கம்பத்திலிருந்து மலையேறி, கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்கு வேலைக்குப் போகும் நர்ஸ் நான். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளும் என் பஸ்ஸும் விடியற்காலையில் ஒரே நேரத்தில்தான் கிளம்பும். பஸ் ஸ்டாண்டில், கிளினிக் வராந்தாவில், சில நாள் என் வீட்டுத் திண்ணையில் என்று பெண்கள் என்னிடம் தனியாக வந்து கேட்பது பெரும்பாலும் மூன்று விஷயம்தான்: அவசரத்துக்குப் போடும் கருத்தடை மாத்திரை, கணக்கில்லாமல் வரும் ரத்தப்போக்கு, ஓவரியில் (சினைப்பையில்) நீர்க்கட்டி. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, "அன்னிக்கு மாத்திரை போட்டேன், அதான் இன்னிக்கு அனுபவிக்கிறேன்" என்று தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு வலியைப் பொறுத்துக்கொள்கிறார்கள். அதைப் பார்க்க மனசு ஆறாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கேள்விகள் அவரவர் பேச்சிலேயே இருக்கின்றன. யார் என்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

அக்கா, ஐ-பில்னா கருவைக் கலைக்கிற மாத்திரைதானே?

இல்லை. ஐ-பில், அன்வான்டட் 72 போன்ற அவசரக் கருத்தடை மாத்திரைகளில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன், 1.5 மில்லிகிராம். அரசு இலவசமாகத் தரும் மாலா-என் என்ற தினசரிக் கருத்தடை மாத்திரையிலும் இதே ஹார்மோன் குறைந்த அளவில் இருக்கிறது. ஓவரியிலிருந்து முட்டை வெளியே வருவதைச் சில நாள் தள்ளிப்போடுவதுதான் இந்த மாத்திரையின் வேலை. விந்தணு பெண்ணின் உடம்புக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். அதற்குள் முட்டை வராவிட்டால் விந்தணு தானாக அழிந்துவிடும். முட்டை ஏற்கெனவே வெளியே வந்துவிட்டால் மாத்திரை பலன் தராது. கரு தங்கிய பிறகு போட்டாலும் கலையாது, குழந்தைக்கு ஊனமும் வராது.

கருவைக் கலைக்கும் மருந்து முற்றிலும் வேறு: மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்று இரண்டு மருந்து சேர்ந்த கிட். டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். 'அன்வான்டட் 72' என்றும் 'அன்வான்டட் கிட்' என்றும் பெயர் ஒரே மாதிரி இருப்பதால் கடையில் மாற்றி வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்டையைத் திருப்பி, லெவோநார்ஜெஸ்ட்ரல் என்று இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர்கள் கடைக்காரரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எத்தனை நாளுக்குள்ள போடணும்? ஞாயித்துக்கிழமை நடந்தது, புதன்கிழமை போட்டா ஆகுமா?

அட்டையில் 72 மணி நேரம் என்று போட்டிருக்கும். ஞாயிறு இரவு 10 மணிக்கு என்றால் புதன் இரவு 10 மணி வரை. 120 மணி நேரம், அதாவது 5 நாள் வரைகூடப் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாள் ஆக ஆகப் பலன் குறையும். அதனால் 72 மணி நேரம் இருக்கிறதே என்று புதன்கிழமைக்காகக் காத்திருக்காதீர்கள், திங்கள் காலையிலேயே போடுங்கள். சரியாகப் போட்டாலும் 100 பேரில் ஒன்றிரண்டு பேருக்குக் கரு தங்கலாம்.

5 நாளுக்குள் இன்னொரு வழியும் இருக்கிறது, அதைப் பலரும் சொல்வதே இல்லை. கர்ப்பப்பைக்குள் வைக்கும் சின்னக் கருவியான காப்பர்-டி. அவசரத்துக்கு எல்லாவற்றையும்விட நம்பகமானது அதுதான், 99 சதவீதத்துக்கும் மேல் கரு தங்காமல் தடுக்கும். அப்படியே விட்டுவிட்டால் 380ஏ வகை 10 வருஷம் வரை காக்கும். அரசு மருத்துவமனையில் இலவசம். குழந்தை பெற்று, இப்போதைக்கு வேறு வேண்டாம் என்று இருப்பவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

உங்கள் விருப்பமில்லாமல் நடந்திருந்தால், அரசு ஆனாலும் தனியார் ஆனாலும் எந்த மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். போலீசில் புகார் கொடுத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை இல்லை. 181க்கு அழைத்தால் துணைக்கு ஆள் கிடைக்கும்.

கம்பத்துல நாலு மெடிக்கல்ஸ் ஏறி இறங்கிட்டேன், எல்லாரும் இல்லைங்கிறாங்க. குமுளியில வாங்கிட்டு வந்தா செக்போஸ்ட்ல பிடிப்பாங்களா?

பிடிக்க மாட்டார்கள். டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று 2005லிருந்து நாடு முழுக்க அனுமதிக்கப்பட்ட மருந்து இது. தமிழ்நாட்டிலும் இதற்குச் சட்டப்படி தடை கிடையாது. ஆனாலும் நம் பக்கத்துக் கடைகள் பலவற்றில் வருஷக்கணக்காக இதை வாங்கி வைப்பதில்லை. எல்லை தாண்டினால் கேட்டதும் எடுத்துத் தருகிறார்கள். ஒரே மலைதான், மேலே ஒரு நியாயம், கீழே ஒரு நியாயம். இந்த அலைச்சலில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பெண்ணுக்குத்தான் நஷ்டம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

மலையேற முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'ஈசி பில்' என்று கேளுங்கள். அரசு குடும்பநலத் திட்டத்தில் வரும் இதே மருந்துதான் அது. அதுவும் கைக்கு வரவில்லை, வீட்டில் மாலா-என் அட்டை இருக்கிறது என்றால், 72 மணி நேரத்துக்குள் அதில் 4 ஹார்மோன் மாத்திரை, 12 மணி நேரம் கழித்து இன்னொரு 4 என்று போடும் பழைய முறை ஒன்று உண்டு. அட்டையில் வேறு நிறத்தில் இருக்கும் 7 இரும்புச்சத்து மாத்திரை இதற்கு ஆகாது. குமட்டல் அதிகம், பலனும் ஐ-பில்லைவிடக் குறைவு. வேறு எதுவும் கிடைக்காத நேரத்துக்கு மட்டும்தான் இது. ரத்தம் உறைந்து கட்டிய நோய், பக்கவாதம் முன்பு வந்தவர்கள் செவிலியரையோ டாக்டரையோ கேட்காமல் போட வேண்டாம்.

மாத்திரையப் போட்டுட்டு ஜீப்ல ஏறுனேன், வளைவுல வாந்தி எடுத்துட்டேன். போச்சா?

போட்டு எவ்வளவு நேரத்தில் வாந்தி வந்தது என்று பாருங்கள். 2 மணி நேரத்துக்குள் என்றால் இன்னொரு மாத்திரை போட வேண்டும். 3 மணி நேரம்வரை திரும்பப் போடச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. அதற்கு மேல் ஆகிவிட்டால் கவலை இல்லை. மலைப்பாதையில் வாந்தி வரும் உடம்பு என்றால் வீட்டிலேயே ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கிளம்புங்கள், அல்லது மேலே போய் இறங்கியபின் போடுங்கள். பால் கொடுக்கும் தாய்மாரும் போடலாம்.

போட்டு அஞ்சாம் நாள் லேசா ரத்தம் பட்டுச்சு. அப்ப பீரியட்ஸ் வந்துருச்சு, தப்பிச்சேன்னு அர்த்தமா?

அவசரப்பட்டு அப்படி முடிவு செய்யாதீர்கள். திடீரென்று அதிக ஹார்மோன் போய் இறங்கும்போது கர்ப்பப்பையின் உள்பூச்சு கொஞ்சம் உதிரும். அது சொட்டுச் சொட்டாகப் படும், சிலருக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும். ஆபத்து இல்லை. ஆனால் மாத்திரை வேலை செய்தது என்பதற்கு அது சாட்சியும் இல்லை. படவே இல்லை என்றால் வேலை செய்யவில்லை என்றும் இல்லை. உண்மையான மாதவிலக்கு வழக்கமான தேதிக்கு ஒரு வாரம் முன்னேயோ பின்னேயோ வரும்.

ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால், அல்லது உறவு நடந்து 3 வாரம் ஆகியும் சந்தேகமாக இருந்தால், காலை முதல் சிறுநீரில் கர்ப்பம் பார்க்கும் கார்டு டெஸ்ட் செய்யுங்கள். மாத்திரை போட்ட தேதி, ரத்தம் பட்ட தேதி, எத்தனை நாள் பட்டது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். இந்தத் தேதிகளை இனி வரும் பதில்களிலும் கேட்பேன்.

மாசத்துல ரெண்டு மூணு தடவை போட்டேன். கர்ப்பப்பை கெட்டுப்போயிருமா? இனி குழந்தை நிக்காதா?

கர்ப்பப்பை கெடாது, பிள்ளைப்பேறும் போகாது. திரும்பத் திரும்பப் போட்டால் ரத்தப்போக்கு தாறுமாறாகும், எது மாதவிலக்கு, எது மாத்திரையால் வந்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். இன்னொன்று, இந்த மாத்திரை நடந்ததற்குத்தான் காவல். போட்ட மறுநாள் மறுபடி உறவு என்றால் அதற்குக் காவல் கிடையாது, சொல்லப்போனால் தள்ளிப்போன முட்டை அந்த நேரம் பார்த்து வரும்.

அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் வழக்கமான முறைக்கு மாறிவிடுங்கள். ஐ-பில் போட்ட மறுநாளே தினசரி மாத்திரையைத் தொடங்கலாம், முதல் 7 நாள் ஆணுறையும் சேர்த்து. தினமும் நினைவு வைக்க முடியாது என்றால் 'சாயா' இருக்கிறது. அது ஹார்மோன் அல்ல, முதல் 3 மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. 'அந்தரா' ஊசி 3 மாதத்துக்கு ஒன்று, அதில் முதலில் சொட்டுச் சொட்டாகப் படுவதும் போகப்போக மாதவிலக்கே நின்றுபோவதும் சகஜம்.

டிபி மாத்திரை சாப்பிடுறேன். அதோட ஐ-பில் போடலாமா?

போடலாம், ஒன்று போதாது. டிபிக்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் கார்பமசெபின், ஃபெனிட்டாய்ன் ஆகியவை ஐ-பில் ஹார்மோனை ஈரலில் வேகமாக அழித்துவிடும். அந்த மருந்தை நிறுத்தி 4 வாரம் வரைகூட இந்த விளைவு இருக்கும். இவர்களுக்குக் காப்பர்-டிதான் நல்லது. முடியாவிட்டால் இரண்டு மாத்திரை சேர்த்து, 3 மில்லிகிராமாக, டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போடுவார்கள். டிபி மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

உடல் எடை மிக அதிகம் உள்ளவர்களுக்கும் ஐ-பில் பலன் குறையலாம்.

பப்பாளிக்காய், எள்ளுருண்டை, கருஞ்சீரகக் கஷாயம்னு எங்க அத்தை தர்றாங்க. அது போதாதா?

போதாது. எள்ளுருண்டை நல்ல சாப்பாடு, அவ்வளவுதான். கரு தங்காமல் தடுக்கும் சக்தி இவற்றுக்கு இல்லை. இதை நம்பிக் காத்திருந்து 5 நாள் கெடு தாண்டிப்போனவர்களை எனக்குத் தெரியும்.

சித்ரா பௌர்ணமிக்குக் கண்ணகி கோயில் போறோம். தள்ளிப்போட மாத்திரை போட்டேன், வந்து இறங்குனதும் ஒரே ரத்தம். இது என்ன?

மங்கலதேவி கண்ணகி கோயில் வருஷத்துக்கு அந்த ஒரு நாள்தான் திறக்கிறது. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கேள்வி எனக்கு வராமல் இருக்காது. நீங்கள் போட்டது நோரெதிஸ்டிரோன், 5 மில்லிகிராம், நாளுக்கு 3 வேளை. தேதிக்கு 3 நாள் முன்பே தொடங்கினால்தான் தள்ளிப்போகும். நிறுத்திய 2, 3 நாளில் மாதவிலக்கு வரும், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் வரலாம். அதுதான் உங்களுக்கு வந்திருக்கிறது.

தள்ளிப்போடும் மாத்திரை கருத்தடை மாத்திரை அல்ல. இரண்டும் ஒன்று என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. நிறுத்தி ஒரு வாரத்துக்கு மேலாகியும் வரவில்லை என்றால் கார்டு டெஸ்ட் செய்யுங்கள். காலில் ரத்தக்கட்டு, பக்கவாதம், ஈரல் நோய், மார்பகப் புற்று வந்தவர்கள் இதைப் போடவே கூடாது. ஐ-பில், தள்ளிப்போடும் மாத்திரை இரண்டையும் ஒரே மாதத்தில் போட்டுவிட்டு, "ஏன் இப்படி வருது" என்று கேட்டால், பாவம் அந்த உடம்பும்தான் என்ன செய்யும்? இரண்டு மூன்று மாதம் எதுவும் போடாமல் தேதியை மட்டும் குறியுங்கள், பெரும்பாலும் தானே சரியாகும்.

மாசம் ரெண்டு தடவை வருது, இல்லேன்னா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. எது சரி, எது தப்பு?

ஒரு மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை 24 முதல் 38 நாள். 8 நாளுக்குள் நின்றுவிட வேண்டும். இதற்குள் இருந்தால் 'இருபத்தெட்டாம் நாள் வரலையே' என்று பயப்பட வேண்டாம். பெரியவளான முதல் சில வருஷமும், நிற்கப்போகும் கடைசிச் சில வருஷமும் முன்னேபின்னே இருக்கும். தைராய்டு, கர்ப்பப்பைக் கட்டி, காப்பர்-டி போட்ட முதல் சில மாதங்கள், எடை ஏற்றம், நான் மேலே சொன்ன மாத்திரைகள் என்று காரணம் பல.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுசாக நனைந்து, அப்படியே இரண்டு மணி நேரம் தொடர்ந்தால், தலை சுற்றினால், அன்றே மருத்துவமனை. தோட்டத்தில் பேட் மாற்ற மறைவிடம் இல்லாமல் காலையில் வைத்ததை மாலை வீட்டுக்கு வந்து மாற்றுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று எனக்குத் தெரியும். அவர்கள் ரத்தம் கட்டி கட்டியாக விழுகிறதா என்று பாருங்கள், சேலையில் கறை இறங்குகிறதா என்று பாருங்கள், ஏற்றம் ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 8க்குக் கீழே என்றால் கடுமையானது. மாசாமாசம் கொட்டித் தீர்ப்பதைப் பெண் பிறவியின் தலையெழுத்து என்று விட்டுவிடாதீர்கள், மருந்து இருக்கிறது.

எனக்கு நாப்பத்தேழு. நிக்கப்போற நேரம், அதான் கண்டபடி வருதுன்னு விட்டுட்டேன். சரிதானே?

விடாதீர்கள். 45க்கு மேல் கண்டபடி வந்தால் ஸ்கேனும், தேவைப்பட்டால் கர்ப்பப்பை உள்பூச்சில் சின்னத் துணுக்கு எடுத்துப் பரிசோதனையும் செய்வார்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, இருந்தால் ஆரம்பத்திலேயே தெரியும். ஒரு வருஷம் முழுக்க நின்றுபோய், பிறகு ஒரு சொட்டு பட்டாலும் காட்ட வேண்டும். உறவுக்குப் பின் ரத்தம் பட்டால் எந்த வயதானாலும் கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்க வேண்டும்.

கட்டப்பனையில ஸ்கேன் பார்த்தேன். "ஓவரியில் ஒரு முழ உண்டு"ன்னு சொன்னாங்க. முழன்னா கேன்சரா? ராத்திரி பூரா தூக்கமில்ல.

மலையாளத்தில் 'முழ' என்றால் எந்தக் கட்டிக்கும் பொதுச்சொல். வீக்கம், நீர்க்கட்டி, சதைக்கட்டி எல்லாம் முழதான். அந்தச் சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், அதில் கட்டியின் அளவும் வகையும் இருக்கும். 'சிம்பிள் சிஸ்ட்' என்றால் உள்ளே வெறும் தண்ணீர். மாதாமாதம் முட்டை ஒரு சின்ன நீர்ப்பையில்தான் வளர்கிறது, அது 2 செ.மீ. அளவுக்கு வந்ததும் உடைந்து முட்டை வெளியேறும். உடையாமல் வளர்ந்துவிட்டாலோ, உடைந்தபின் மூடிக்கொண்டு நீர் கோத்தாலோ அதுதான் நீர்க்கட்டி. மாதவிலக்கு நிற்காத வயதில் இவை பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே வற்றிவிடும்.

5 செ.மீ.க்குக் கீழான சிம்பிள் சிஸ்ட்டுக்குப் பொதுவாக ஒன்றும் செய்ய வேண்டாம். 5 முதல் 7 வரை என்றால் மறுபடி ஸ்கேன் செய்து கவனிப்பார்கள். 7க்கு மேல் என்றால் மேற்கொண்டு பரிசோதனையோ ஆபரேஷனோ பேசுவார்கள். 'டெர்மாய்டு' என்றால் உள்ளே முடி, கொழுப்பு, பல்கூட இருக்கும், கேட்கப் பயமாக இருந்தாலும் அதுவும் பெரும்பாலும் புற்று அல்ல. 'சாக்லேட் சிஸ்ட்' என்றால் பழைய ரத்தம் தேங்கியது. இந்த இரண்டும் தானாகப் போகாது. மாதவிலக்கின்போது உயிர் போகிற வலியும், உறவின்போது வலியும் சாக்லேட் சிஸ்ட்டோடு சேர்ந்து வரும்.

ரெண்டு மாசம் முன்னாடி ஐ-பில் போட்டேன். அதுனாலதான் இந்த நீர்க்கட்டி வந்துச்சா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான், பெரும்பாலும் அழுகையோடு. முட்டை வருவதைத் தள்ளிப்போடுவதுதான் மாத்திரையின் வேலை என்று முதலில் சொன்னேன் அல்லவா? அப்படித் தள்ளிப்போகும்போது, வளர்ந்துகொண்டிருந்த அந்த நீர்ப்பை சிலருக்கு உடையாமல் சில வாரம் அப்படியே நிற்கலாம். ஸ்கேனில் சின்ன நீர்க்கட்டியாகத் தெரியும், தானே போய்விடும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. டெர்மாய்டும் சாக்லேட் சிஸ்ட்டும் ஐ-பில்லால் வராது. மாத்திரையே போடாத பெண்களுக்கும் நீர்க்கட்டி வருகிறது, கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்கும் வருகிறது. உங்கள் மேல் தப்பு இல்லை.

மாத்திரை போட்டதை டாக்டரிடம் மறைக்க மட்டும் மறைக்காதீர்கள். தேதியோடு சொன்னால் அவர் "அடுத்த மாதவிலக்கு முடிந்து இன்னொரு ஸ்கேன் பார்ப்போம்" என்று நிறுத்திக்கொள்வார். சொல்லாவிட்டால் தேவையில்லாத பரிசோதனைக்குப் பணம் போகும்.

பிசிஓடின்னு எழுதியிருக்கு. அதுவும் இதுவும் ஒண்ணா?

பிசிஓடி என்பது பாலிசிஸ்டிக் ஓவரி, அதாவது பல நீர்க்கட்டி உள்ள ஓவரி என்பதன் சுருக்கம், அந்தப் பெயர்தான் குழப்புகிறது. அதில் தெரிபவை நோய்க்கட்டிகள் அல்ல, முழுசாக வளராமல் நின்ற சின்னச் சின்ன முட்டைப்பைகள். வலிக்காது, ஆபரேஷன் செய்து எடுக்கும் விஷயமும் இல்லை. மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருவது, முகத்தில் முடியும் பருவும் போல ஆண் ஹார்மோன் கூடிய அடையாளம், ஸ்கேன் தோற்றம் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான், வேறு காரணம் இல்லை என்று பார்த்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்வார்கள். அடிவயிறு சுருக்கென்று வலித்தால் பிசிஓடி மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்காதீர்கள், வேறு காரணம் தேட வேண்டும்.

கட்டி கரையுறதுக்கு மூணு மாசம் மாத்திரை கொடுத்திருக்காங்க. கரையுமா?

கருத்தடை மாத்திரை புதிதாக நீர்க்கட்டி உருவாவதைக் குறைக்கும். ஏற்கெனவே இருப்பதைச் சீக்கிரம் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சும்மா காத்திருந்தாலும் அதே வேகத்தில்தான் வற்றும். உங்கள் டாக்டர் ரத்தப்போக்கைச் சீராக்கவோ வலிக்கோ கொடுத்திருக்கலாம், எதற்கு என்று கேளுங்கள்.

ஆறு செ.மீ. கட்டி இருக்கு. ஜீப் குலுக்குற குலுக்கல்ல உடைஞ்சிருமா?

சாதாரணக் குலுக்கலில் உடையாது. சில கட்டிகள் கடின வேலையின்போதோ உறவின்போதோ உடைவதுண்டு. சுருக்கென்று வலித்து, ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். எனக்குப் பயம் வேறொன்றில். கட்டியின் கனத்தில் ஓவரி தன் காம்போடு முறுக்கிக்கொண்டால் ரத்தம் போவது நின்றுவிடும். 5 செ.மீ.க்கு மேல் இருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். ஒரு பக்க அடிவயிற்றில் திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி, சிலருக்கு வலி விட்டுவிட்டு வரும். சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடந்தால் முறுக்கை எடுத்துவிட்டு ஓவரியைக் காப்பாற்றலாம்.

காய் எடுக்கப் போன இடத்தில் வலி வந்து, கேஸ் என்று நினைத்துச் சோடா குடித்து, கூலி போய்விடுமே என்று மறுநாளும் ஜீப் ஏறிய ஒரு தங்கச்சியை எனக்குத் தெரியும். ஸ்கேனில் கட்டி இருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது, வரன் பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கொண்டுவந்தபோது ஓவரி கறுத்துவிட்டது, எடுக்க வேண்டியதாகிவிட்டது. இன்னொன்று நன்றாக இருக்கிறது, பிள்ளை பெற அது போதும். ஆனால் முதல் நாளே வந்திருந்தால் என்ற நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை. அப்படி வலி வந்தால் எஸ்டேட்டிலிருந்தே 108க்கு அழையுங்கள், இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் போங்கள்.

வலிக்கு மெஃப்டால் போட்டுட்டு வேலைக்குப் போயிடறேன். தப்பா?

மாதவிலக்கு வலிக்கு இரண்டு மூன்று நாள், சாப்பாட்டுக்குப் பின் போடலாம். அல்சர், சிறுநீரக நோய் உள்ளவர்கள் வேண்டாம். போட்டபின் காய்ச்சலும் உடம்பில் தடிப்பும் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். இந்த மருந்தில் உள்ள மெஃபெனாமிக் ஆசிட் பற்றி 2023 நவம்பர் கடைசியில் இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் அப்படியொரு எச்சரிக்கை கொடுத்தது. மேலே சொன்ன முறுக்கு வலிக்கு மட்டும் மாத்திரை போட்டு மறைக்காதீர்கள்.

குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணி ஆறு வருஷம் ஆச்சு. இப்ப தள்ளிப்போயி, சொட்டுச் சொட்டாப் படுது, ஒரு பக்கம் வலிக்குது. நீர்க்கட்டிதானே?

இன்றே கார்டு டெஸ்ட் செய்யுங்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கரு தங்குவது மிக அபூர்வம். தங்கினால் அது கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். குழாய் வெடித்தால் உள்ளேயே ரத்தம் கொட்டும், உயிருக்கே ஆபத்து. தோள்பட்டை வலி, மயக்கம், உடம்பு வெளிறிப்போவது எல்லாம் அதன் அடையாளம். ஐ-பில் போட்டும் தள்ளிப்போய் ஒரு பக்கம் வலிக்கிறவர்களுக்கும் இதேதான். மாதவிலக்கு தள்ளி, ரத்தமும் வலியும் சேர்ந்து வந்தால், டெஸ்ட் செய்யாமல் நீர்க்கட்டி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கல்யாணம் ஆகல. ஸ்கேன்னா உள்ள விட்டுப் பார்ப்பாங்களாமே?

வயிற்றின் மேலேயே பார்க்கலாம், நிறையத் தண்ணீர் குடித்து சிறுநீரை அடக்கிக்கொண்டு போனால் போதும். உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது. உறவு இருந்ததா என்று டாக்டர் தனியாகக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அது உங்களை எடைபோட அல்ல, முந்தைய பதிலில் சொன்ன ஆபத்து இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. அம்மா பக்கத்தில் இருந்தால், அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லும்படி நர்ஸிடம் கேளுங்கள், நாங்கள் செய்வோம்.

மாத்திரை போட்டும் ரெண்டு கோடு வந்துருச்சு. என்ன பண்றது?

வைத்துக்கொள்வதாக இருந்தால் பயம் வேண்டாம், ஐ-பில்லால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. வேண்டாம் என்றால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கருக்கலைப்புச் சட்டம் 1971ல் வந்தது, 2021ல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும். கருத்தடை பலிக்கவில்லை என்பதே ஒரு காரணம், கல்யாணம் ஆகாதவர்களுக்கும் அது பொருந்தும். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்று பிரிக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. 18 வயது நிறைந்திருந்தால் உங்கள் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை. பெயரை ரகசியமாக வைப்பது டாக்டரின் கடமை.

18க்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும், டாக்டர் போலீசுக்கும் தகவல் தர வேண்டும். அந்தத் தகவலில் பெண்ணின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று அதே தீர்ப்பு சொல்கிறது. போலீசுக்குப் பயந்து கடையில் கிட் வாங்கி வீட்டில் போட்டுக்கொள்வது எல்லாவற்றிலும் ஆபத்தானது, முக்கியமாகக் கரு குழாயில் இருந்தால்.

மலையாளம் தெரியாது. டாக்டர் கேட்டா எப்படிச் சொல்றது?

எல்லைப்பக்க டாக்டர்களுக்குத் தமிழ் ஓரளவு புரியும். பொதுவான சந்தேகத்துக்கு கேரளத்தில் 1056, தமிழ்நாட்டில் 104 என்று இலவச எண்கள் இருக்கின்றன. இருந்தாலும் சில சொல் தெரிந்திருந்தால் நல்லது. மாதவிலக்குக்கு 'மாசமுற', தள்ளிப்போனால் 'குளி தெற்றி' என்பார்கள், நாம் 'தலை முழுகல' என்பது போலத்தான். வலி 'வேதன', வாந்தி 'சர்த்தி', தலைச்சுற்றல் 'தலகறக்கம்'. "பனி உண்டோ?" என்று கேட்டால் மலைப்பனியை நினைத்து ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள், அவர்கள் கேட்பது காய்ச்சலை. இதெல்லாம் வராவிட்டாலும் பரவாயில்லை, தேதி குறித்த காலண்டர் தாளைக் கிழித்துக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். கூடவே மாத்திரை அட்டையையும்.